முகாமில் அழாத பெண்

ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பை நிறுத்தியவள் நான். எழுத வந்ததே அதிகம்தான், மன்னியுங்கள். ஆனால் போர்டிக்சன் பேருந்தில் கேட்டதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

முன்னிருக்கையில் செம்பனைத் தோட்டத்துப் பூட்ஸோடு ஓர் அம்மா. பக்கத்தில் இரண்டாம் படிவம் படிக்கும் மகள். பிள்ளைகளுக்குப் படிப்பில் ஊக்கமூட்டப் பள்ளியில் நடத்திய தன்முனைப்பு முகாம் முடிந்து அழைத்துப் போகிறார்.

“எல்லாப் பிள்ளையும் அழுதுச்சாம். நீ மட்டும் ஏன்டி அழல? டீச்சர் போன் போட்டு, ஒனக்கு கல் நெஞ்சுங்கறாங்க.”

“அம்மா செத்துட்டதா நெனைச்சுப் பாருங்கன்னு அந்தப் பேச்சாளர் சொன்னாரு. நீங்க செம்பனைக்கு உரம் போட்டுக்கிட்டு நல்லாத்தானே இருக்கீங்க?”

“சும்மா ரெண்டு சொட்டு விட்டா என்னலா?”

“அழுதா கணக்கு வந்துருமா? இருபத்தெட்டு மார்க்கும்மா. எது தப்புன்னு தெரிஞ்சாதானே திருத்த முடியும்? பரீட்சை பேப்பர வாங்கிக் கொடுங்க சார்னு அந்தப் பேச்சாளர்கிட்ட கேட்டேன். முதல்ல மனச மாத்துன்னாரு. மனசு நல்லாத்தான் இருக்கு, பேப்பர்தான் இல்லன்னேன்.”

அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

“பேப்பர் தரவே இல்லையா?”

“மார்க் மட்டும் படிச்சாங்க. மார்க் கொறஞ்சவங்கள போடுற கடைசி கிளாஸுக்கு எதுக்கு பேப்பர்னு கேக்குறாங்க.”

“யாரு?”

“கணக்கு டீச்சர்.”

“நாளைக்கு வேலைக்கு வரலன்னு, எங்கள வேல வாங்குற மண்டோர்கிட்ட சொல்லிடறேன். ரெண்டு பேரும் போயி கேப்போம்.”

மறுநாள் மதியம் நான் வந்த அதே பேருந்தில் பள்ளியிலிருந்து இருவரும் ஏறினார்கள். விடைத்தாள் மகளின் மடியில் இருந்தது. ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணி அம்மாவிடம் சொன்னாள்: பதினோரு கணக்கு தப்பு.