செவ்வந்தித் திருட்டு

“எங்க வீட்டுக்கு எப்ப டீச்சர் திருட வாரீங்க?”

முன் சீட்டுப் பெண் இப்படிக் கேட்டதும் என் தூக்கம் கலைந்துவிட்டது. கோரிப்பாளையத்தில் நான் ஏறிய அவனியாபுரம் பஸ். அவள் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா.

“மெதுவாப் பேசு செல்வி. பஸ்ஸே திரும்பிப் பாக்குது.”

“போன வருசம் உங்க தொட்டியில ஒரு செவ்வந்திக் கன்னை நான் கேக்காம எடுத்துட்டுப் போனேன்ல, அது இப்ப அம்புட்டுக் கன்னு விட்டிருக்கு.”

“என் தாய்ச்செடி மழையில அழுகிப் போச்சு. வருசா வருசம் கிறிஸ்துமஸ் பீடத்துக்கு எங்க வீட்டுப் பூதான் போகும். இந்தத் தடவை காகிதப் பூவா வைக்க முடியும்?”

“அதான் நானே வேரோட பேத்துக் கொண்டாந்து தாரேங்கிறேன்.”

“வேணாம். கேட்டு வாங்குன கன்னு பிழைக்காது. திருடி நட்டாத்தான் பிடிக்கும். உனக்குப் பிடிச்சுச்சுல்ல?”



“அப்ப ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க. நாங்க சினிமாவுக்குப் போயிருவோம். கொல்லைக் கதவைத் திறந்து வச்சு, நாயையும் கட்டிப் போட்டுட்டுப் போறேன்.”

“அதெல்லாம் கூடாது” என்றார் டீச்சர் கண்டிப்பாக. “கதவைப் பூட்டு. நாயை அவுத்து விடு. இல்லன்னா நீயே குடுத்த மாதிரி ஆயிரும்.”

“பூட்டிட்டா எப்படி டீச்சர் உள்ள வருவீங்க?”

டீச்சர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சுவரு எம்புட்டு உசரம்?”