சுவரைப் பார்த்திருந்த பக்கம்

நகர நினைவுப் பலகைப் பிரிவின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் எங்கள் அம்மையாருக்கு உடன் பணிபுரிந்தோர் உவந்து படித்தளிப்பது:

பித்தளைக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தவரே! பழைய சுவர்களின் பழகிய தோழியே! கதை கேட்டுக் கேட்டே காலணி தேய்ந்தவரே! வணக்கம்!

பாராட்டு மடல் தெளிவாக இருக்க வேண்டும் என்பார்கள். எங்களால் முடியவில்லை. சென்ற வாரம் தொடங்கிய குழப்பம் இன்னும் தீராமல், அந்தக் குழப்பத்தோடேயே உங்களை வழியனுப்ப நிற்கிறோம்.

ஒரு வீட்டில் கதை கேட்டால், எதிர்வீட்டிலும் ஏறிக் கேட்காமல் நீங்கள் திரும்பியதில்லை. வெயிலோ மழையோ, யாராவது "அது அப்படி இல்லைங்க" என்று தொடங்கினால் போதும், உங்கள் முகம் மலர்ந்துவிடும். பொறுமையே பொழுதுபோக்காய், சந்தேகமே சம்பளமாய் நீங்கள் வாழ்ந்ததை அருகிருந்து பார்த்தோம். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் பார்க்கவில்லை.

நீங்கள் விடுப்பில் இருந்தபோது, உங்களை மகிழ்விக்க எண்ணி, ஊரிலுள்ள பலகைகளையெல்லாம் கழற்றிப் பளபளப்பாக்கினோம். கழற்றிய பிறகுதான் கண்டோம்: ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் இன்னொரு கதை! ஒரு பலகைக்கு ஒரு கதைதான் என்பது துறையின் விதி. அந்த இன்னொன்று இத்தனை காலமும் சுவரைப் பார்த்தபடி யாருக்கோ தன்னைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மாட்டப் போனபோது எது முன்புறம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஊரின் நினைவைக் காக்கும் பிரிவில் ஒருவருக்கும் நினைவில்லை! கைக்கு வந்தபடி மாட்டினோம்.

திங்கட்கிழமை நீங்கள் வேலைக்குத் திரும்பியபோது, வீட்டின் முன்பகுதியில் கடை வைத்து, வாசல் சுவரில் தாத்தாவின் பலகையோடு வாழும் சலூன்காரர் உங்கள் மேசை முன் நின்றிருந்தார்.

"அம்மா, போன வாரம் வரைக்கும் எங்க தாத்தா ஊரைக் காப்பாத்துனவரு. இன்னிக்குக் கடையத் திறக்குறேன், ஓடிப்போனவரா ஆயிட்டாரு! புதன்கிழமை என் பொண்ணைப் பாக்கச் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. வாசல்லயே இதைப் படிச்சா என் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?"

மரக்கிடங்கு தீப்பிடித்த இரவில் அவருடைய தாத்தா கதவு கதவாகத் தட்டித் தெருவை எழுப்பினார் என்பது ஒரு பக்கம். அவர் முதல் ஆளாய் ஓடிவிட்டார், தெருவை எழுப்பியது எதிரே இருந்த சலவைக்காரி என்பது மறுபக்கம். அந்தச் சலவைக்காரியின் பேத்தியான இன்றைய சலவைக்கடை அக்காவும் சலூன்காரர் பின்னாலேயே வந்துவிட்டார்.

"திருப்பிருவீங்களோ? திருப்பித்தான் பாருங்களேன். இஸ்திரிப் பெட்டியோட இங்கேயே வந்து உக்காந்துருவேன்!"

எது முன்புறம் என்று நாங்கள் உங்களைக் கேட்டோம். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கே தெரியாதுப்பா. ரெண்டு பேர் சொன்னதும் நெஜம் மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டையும் எழுதிக் குடுத்துருவேன். மாட்டுறவர் எப்படி மாட்டுனாரோ, அதுதான் வரலாறு."

ஐயத்தின் அரசியே! அன்று எங்கள் காலடித் தரை கொஞ்சம் அசைந்தது உண்மை.

மறுநாளே அந்தப் பலகையைச் சுவரிலிருந்து எடுத்து, கடைப் பெயர்ப்பலகை போலத் தெருவை நோக்கி நீட்டி, இரும்புக் கம்பியில் பொருத்தச் செய்தீர்கள். தெருவில் போகிறவர்களுக்கு ஒரு கதை; திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு கதை. புதன்கிழமை சலூன்காரர் சம்பந்திகளை நல்ல பக்கமாக அழைத்துவர பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். அவர்களோ ஆட்டோ பிடித்து மறுபக்கமாக வந்து இறங்கினார்கள். நாங்கள் எதிர்ச் சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா படித்தார். சுற்றி வந்தார். மறுபக்கத்தையும் படித்தார்.

"ஓடுறப்போதான் கதவையெல்லாம் தட்டிட்டுப் போயிருப்பாரோ?" என்றார்.

மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்த சலூன்காரர் எதிரே சலவைக்கடையைத் திரும்பிப் பார்த்தார். சலவைக்கடை அக்கா இஸ்திரியை நிறுத்தி, "இருக்கும். அந்தச் சத்தத்துலதான் எங்க பாட்டி முழிச்சிருக்கும்" என்றார். அதற்குப் பிறகு எல்லோருமாக உள்ளே போனார்கள். கல்யாணம் உறுதியாகிவிட்டது.

ஆனால் அம்மா, இந்த மூன்றாவது கதையை எந்தப் பக்கத்தில் எழுதுவது? பலகைக்கு இரண்டு பக்கம்தானே! இனி யாரிடம் கேட்போம்?

நீங்கள் கற்றுத்தந்த முறைப்படி, இந்த மடலை எழுதி முடித்ததும் எதிர்வீட்டிலும் கேட்டோம். மடலைப் போட்டிருக்கும் சட்டத்தின் மறுபக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். எழுதும்போது தனியே சிரித்துக்கொண்டார்; என்ன எழுதினார் என்று எங்களுக்குக் காட்டவில்லை. இரு பக்கமும் கண்ணாடி போட்டிருக்கிறோம். சுவரில் மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

நோயின்றி, சோர்வின்றி, காதும் காலும் உறுதியாய், நம் தெருக்களில் நெடுங்காலம் நடந்து வருக! போகும்போது ஒரு கதையும் திரும்பும்போது ஒரு கதையும் படித்து வாழ்க!

இன்னும் தெளியாத, என்றும் மறவாத,
நினைவுப் பலகைப் பிரிவு ஊழியர்கள்