வண்டிக்கு வந்த விலை

கார் கழுவுகிற வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. வீட்டில் ஆள் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் துணியுமாக நானே இறங்கிவிடுவேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் புழுதி லேசில் போகாது. பட்டாசுக் கம்பெனி வேன்கள் போகிற தடத்தில் ஒரு தரம் போய்விட்டு வந்தால் கதவு இடுக்கெல்லாம் மண்ணாக இருக்கும். விரலில் துணியைச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். அந்த வண்டியை நான் அக்கறையில்லாமல் வைத்திருந்தேன் என்று யாரும் எழுதிவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன்.

என் பெயர் அழகுராஜா. மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற நிலம் இருக்கிறது. கொஞ்சத்தைக் கம்பெனிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். மனைவி கற்பகவல்லி, ஒரு மகள். வறுமையில் செய்த காரியம் என்று நினைத்துக்கொண்டு எனக்காக இரக்கப்பட வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன்.

என்ன வண்டி என்பது உங்கள் ஸ்டேசன் கோப்பில் இருக்கிறது. 2003இல் மதுரையில் எடுத்தேன். அப்போது நம் பக்கம் ஓடிய கார்களில் அந்த எஞ்சினோடு நிற்கக்கூடியவை மிகக் கொஞ்சம். சாத்தூர் தாண்டி மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் அதைக் கார் என்றார்கள். நான் அதை என் கார் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும் என்று கற்பகவல்லி கேலி செய்வாள்.

2009இல் மகள் வளர்ந்துவிட்டாள், பின் சீட்டில் கால் இடிக்கிறது என்று பெரிய வண்டியாக மாற்ற நினைத்தேன். மதுரை ஷோரூமில் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கிற எக்ஸ்சேஞ்ச் போட்டிருந்தார்கள். அங்கே இருந்தவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. “பெட்ரோல் வண்டியா சார்? டீசல்னா ஓடிரும். இத யார் கேட்பாங்க?” என்றார். ரெண்டு லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற ஓட்டை டீசல் வண்டிக்கு அதைவிட அதிகம். வண்டியில் எவ்வளவு வேகம் இருந்ததோ அவ்வளவும் எனக்கு எதிராக எழுதப்பட்டது போல இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நியாயமாக விலை சொல்கிறவர் என்று விருதுநகரில் பைசல் பாய்க்குப் பெயர். பழைய வண்டி வாங்கி விற்கிறவர், எனக்குப் பல வருடப் பழக்கம். அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். “தங்கம் அண்ணாச்சி” என்றார். பிறகு வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றச் சொல்லி அடியில் இறங்கினார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

அவர் என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். முந்தின மழையில் வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பாலத்துக் கட்டைச் சுவரில் ஏற்றிவிட்டேன். முன் இடது சக்கரத்தைத் தாங்குகிற இடம் பிளந்துவிட்டது. இன்சூரன்சில் கேட்டிருந்தால் முழுதாக மாற்றியிருப்பார்கள். ஆனால் அது பதிவாகிவிடும், பின்னால் விற்கப்போகும்போது விலை விழுந்துவிடும். அதனால் சிவகாசியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வேகமாகப் போகும்போது பிரேக் போட்டால் ஸ்டியரிங் இடது பக்கம் லேசாக இழுக்கும். லேசாகத்தான்.

பைசல் பாய் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

“இத நீங்க ஓட்டுறீகளா அண்ணாச்சி?”

“தெனமும்தான் ஓட்டுறேன்.”

“ஓட்டாதீக. வெல்டிங் விரிசல் விட்டுருச்சு. எம்பது, தொண்ணூறுல போயி ஒரு மிதி மிதிச்சீகன்னா சக்கரம் மடிஞ்சிரும். இது ஓட்டுற வண்டியில்ல, ஒடைக்கிற வண்டி. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நான் ஒண்ணேகால் தாரேன். இதுக்கு மேல ஒருத்தன் குடுத்தா, ஒண்ணு அவனுக்கு வெவரம் பத்தல, இல்ல நீங்க சொல்லல.”

வியாபாரிகள் விலையை அடிக்க ஏதாவது சொல்வார்கள். அவரும் அப்படித்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டிலும் எனக்குள்ளும் இதைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவர் தொழிலில் அவரைவிட நேர்மையான ஆள் இல்லை என்று அவரிடம் போனவன் நான். அவர் சொன்னது பிடிக்கவில்லை என்றதும் அவரைத் தரகன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பைசல் பாயின் தம்பி தவுபிக். சிவகாசியில் செல்போன் கடை வைத்திருந்தான். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. என் வண்டியை எங்கே பார்த்தாலும் கடையைவிட்டு இறங்கி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான். “அண்ணே, எப்பக் குடுக்கிறதா இருந்தாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்கண்ணே” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான். நான் அவனைத் தேடிப் போகவில்லை. சார்ஜர் வாங்கப் போனேன். கொடுக்கப்போகிறேன் என்று வாயில் வந்துவிட்டது.

“எம்புட்டுண்ணே சொல்றீக?”

“நாலு.”

குறைத்துக் கேட்கக்கூட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. நானாகவே மூன்றே முக்கால் என்றேன். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, ஷோரூமில் எனக்கு நடந்த அவமானம் போய்விட்டது. வண்டியின் அருமை தெரிந்தவன் கொடுப்பதுதானே அதன் விலை? இந்தக் கேள்வியை என்னையே நான் கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறது.

அவன் ஒன்றே ஒன்று கேட்டான். “அண்ணனுக்கு இப்பத் தெரிய வேணாம்ணே. வேகமான வண்டின்னா எடுக்கவே விடமாட்டாக. கோயம்புத்தூருக்கு வண்டி பாக்கப் போயிருக்காக. வந்ததும் நானே கொண்டுபோய்க் காட்டிக்கிடுறேன்.” அண்ணனுக்குச் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை, அவனேதான் சொன்னான். எனக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். சாவியைக் கொடுக்கும்போது டயர் காற்று எவ்வளவு வைக்க வேண்டும், எந்த பங்க்கில் பெட்ரோல் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் விவரமாகச் சொன்னேன். மனைவி பெனாசிரை அழைத்து வந்திருந்தான். அந்தப் பெண் முன் சீட்டில் உட்கார்ந்து கதவை மெதுவாகச் சாத்தினாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். பைசல் பாய் ஊர் திரும்புவதற்கு முன்பே தவுபிக் பெனாசிரை அவள் அக்கா நாதியா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறான். சாத்தூர் தாண்டிப் புது நாலுவழிச் சாலையில் ஒரு லோடு லாரி திரும்பியிருக்கிறது. பிரேக் போட்டிருக்கிறான். அவன் அங்கேயே போய்விட்டான். பெனாசிர் இடுப்பெலும்பு முறிந்து பிழைத்தாள். வண்டி நசுங்கிய நசுங்கலில் எது மோதுவதற்கு முன் உடைந்தது, எது மோதிய பின் உடைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அதிவேகம் என்று எழுதி நீங்களும் முடித்துவிட்டீர்கள்.

ஆனால் பைசல் பாய் அந்த வண்டியின் அடியில் இறங்கிப் பார்த்தவர்.

பெனாசிரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு துக்கம் கேட்கப் போனேன். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியாட்கள் கண்ணில் படாமல் இருக்கிற இத்தாவில் இருந்தாள். உள்ளறையில் கட்டில் போட்டு, வாசலில் திரை தொங்கியது. பைசல் பாய் முன்னறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் சொன்னத அவன்ட்டச் சொன்னீகளா?”

“சொன்னேன் பாய். கேக்கல.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது ஒற்றை வரியாக இருந்தபோது பொய் மாதிரித்தான் இருந்தது. எனக்கே அது தெரிந்தது. அதனால் இன்னொரு வரி சேர்த்தேன். “‘நான் பாத்து ஓட்டிக்கிடுதேன், பெனாசிருக்கு மட்டும் தெரிய வேணாம்’னான்.” அதைச் சேர்த்ததும் உண்மை மாதிரி ஆகிவிட்டது. பைசல் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

திரைக்கு உள்ளேயிருந்து பெனாசிரின் குரல் வந்தது. “தெரிஞ்சேதான் என்னைய ஏத்திக்கிட்டுப் போனாகளா?”

எழுந்து செருப்பைத் தேடினேன். அதற்குப் பதில் நான் ஒருவன்தான் சொல்லியிருக்க முடியும்.

இத்தா முடிந்த அன்றே அவள் நாதியா வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணப் படத்தை வீட்டார் பெட்டியில் வைத்தபோது வேண்டாம் என்று எடுத்து வெளியே வைத்துவிட்டாளாம். தவுபிக்கைக் கொன்றது ஒரு கணக்கு என்றால், அவன் பெண்டாட்டி மனதில் அவனை இரண்டாம் தரம் கொன்றது இன்னொரு கணக்கு. இரண்டாவதற்கு உங்கள் சட்டத்தில் பிரிவு இருக்கிறதா என்று தெரியவில்லை.

போன வாரம் தவுபிக்கின் அம்மா பீவி ஜான் என் வீட்டுக்கு வந்தார். விருதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெயிலில், தனியாக. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

“தம்பி, நீங்க அம்புட்டு எடுத்துச் சொல்லியும் எம்புள்ள கேக்காமப் போயிட்டான். ஒங்களுக்கும் வீணா ஸ்டேசன் அலைச்சல வெச்சிட்டான். அந்தப் புள்ள அவன் பேரச் சொன்னாலே மொகத்தத் திருப்பிக்கிடுது. அவன் அப்பிடிப்பட்டவன் இல்ல தம்பி. என்னமோ கெட்ட நேரம் அவன் புத்திய மறச்சிருச்சு. பெத்தவ நான் வந்து கேக்கேன். மனசுல வெச்சுக்கிடாம அவன மன்னிச்சிருங்க.”

நீங்கள் என்றால் அந்த இடத்தில் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. உண்மையைச் சொல்லியிருப்பீர்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் வாயைத் திறந்தேன். “இருக்கட்டும்மா, நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல” என்று வந்தது. மன்னித்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கற்பகவல்லி காப்பி கொண்டுவந்தாள். அவர் பாதி குடித்துவிட்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பினார். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். அந்தக் கையை அன்றைக்கு எத்தனை தரம் கழுவினேன் என்று கேட்காதீர்கள்.

திரும்பி உள்ளே வந்தபோது கற்பகவல்லி டம்ளரை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

“பைசல் பாய் என்ன சொன்னாக ஒங்ககிட்ட?” என்றாள்.

“வெல கொறைக்கிறதுக்கு என்னத்தையோ சொன்னாக. வியாபாரிக சொல்றதுதான். நான் நம்பல.”

“நம்பலையா?”

“நம்பல.”

“அப்ப என்னையும் புள்ளையையும் மறுநாள் எதுக்குப் பஸ்ஸுல ஏத்திவிட்டீக?”

அவள் எடுக்காமல் விட்ட டம்ளரை நான் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

பைசல் பாயிடம் வண்டியைக் காட்டிவிட்டு வந்ததற்கு மறுநாள் ராஜபாளையத்தில் கற்பகவல்லியின் அண்ணன் வீட்டு விசேஷம். இரண்டு பேரும் கிளம்பி வண்டியில் ஏற வந்தார்கள். ஏ.சி. வேலை செய்யவில்லை, வெயிலில் பிள்ளைக்குத் தாங்காது என்றேன். பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருபதுக்கு மேல் போகவில்லை. பிறகு ராஜபாளையம் வரைக்கும் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். ஏ.சி. நன்றாகத்தான் வேலை செய்தது. மகள் கடைசி சீட்டில் முட்டிபோட்டு ஏறி, பின் கண்ணாடி வழியாக எனக்குக் கையாட்டிக்கொண்டே வந்தாள். நானும் ஆட்டினேன். பஸ் வேகமெடுத்தபோது நான் எடுக்கவில்லை. அவள் சின்னதாகிக்கொண்டே போனாள்.

அந்த வாரக் கடைசியில்தான் தவுபிக் கடைக்கு சார்ஜர் வாங்கப் போனேன்.