ஊதா நுனி

வெயில் காலத்தில் பவளம் வளர்ப்பவன் வெளியூர் கல்யாணத்துக்குக் கூடப் போக முடியாது, சார். தொட்டித் தண்ணீர் இருபத்தாறு டிகிரியில் நிற்க வேண்டும். முப்பதைத் தாண்டினால் நிறம் கழன்று வெளுத்துவிடும், பிறகு வெறும் எலும்புதான். இதை எதற்கு எழுதுவது என்று உங்கள் பேனா நிற்கிறது. எழுதுங்கள். இது புரியாமல் மற்றது புரியாது.

என் பெயர் சிவகுமார். ஆரம்பாக்கத்தில் எங்களுக்கு நெல் வயல் இருக்கிறது. எனக்கு வேலை காட்டுப்பள்ளிப் பக்கம், மின்சாரப் பராமரிப்பு. வீட்டுக் கூடத்தில் நான்கடித் தொட்டி, அதைக் குளிரவைக்க ஒரு கருவி, தொட்டிக்குள் ஒரு கிளைப் பவளம். பவளம் வைத்திருப்பதே குற்றம் என்றீர்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கட்டைவிரல் உயரம். மூன்று வருடத்தில் ஒரு சாண் ஆனது. மாதாமாதம் கண்ணாடியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். புதிதாக வளரும் நுனி முதலில் வெள்ளையாக வரும். தண்ணீரும் வெளிச்சமும் பிடித்துப்போனால் மெல்ல ஊதா ஏறும். நான் சொன்னபடி நடந்த ஒரே உயிர் அதுதான்.

என் மாமனார் கோதண்டம் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர். அங்கே இருக்கும் உப்புநீர் ஏரியின் நண்டை உயிரோடு வாங்கி விற்றவர். அவர் மகள் கீதாவை நான் விரும்பிக் கட்டிக்கொண்டபோது என் சொந்தக்காரர்கள் ஒருவரும் வந்து கை நனைக்கவில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பீடி குடித்தே நுரையீரல் போனதும் கீதா அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கூடத்தில் தொட்டிக்கு எதிரே கட்டில், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். மெஷினிலிருந்து வரும் ஆக்ஸிஜன் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் வழியாக மூக்குக் குழாய்க்குப் போகும். பாட்டிலில் ஓயாமல் குமிழி வரும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அவர் சாப்பிடும் சத்தத்தை, விடிந்தால் தொடங்கும் இருமலை. கடலடிப் பாறைக்குக் குப்பத்தில் ‘பார்’ என்று பெயர். அந்தப் ‘பாருக்கு’ இன்னாத்துக்கு மாப்ளே ஏசி என்று கேட்டு அவராகவே சிரித்துக்கொண்டதையும் பொறுத்தேன்.

போன சித்திரையில் நான் வேலைக்குப் போயிருந்தபோது தொட்டியில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் சுத்தமான நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். குப்பத்து மூளைக்கு இது எட்டுமா? சாயங்காலம் நான் வந்ததும் கிழவர் முகமெல்லாம் மலர்ச்சி.

“தண்ணி கொறஞ்சி கீது மாப்ளே. உன் பூச்சி உப்புத் தண்ணி இல்லாம செத்துடப் போவுதுனு ஏரியில இருந்து ஒரு கொடம் எட்தார சொல்லி ஊத்தினேன்.”

ஒரே வாரத்தில் கிளை முழுக்கக் காபித்தூள் நிறமானது. அடியில் தோல் உரிந்து தொங்கியது. பழைய ஊதா திரும்ப எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பொறுமையைக் கீதா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

இந்த வருடக் கத்திரியில், அன்று காலை பதினொரு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. வீட்டில் இருப்பது ஒரு இன்வெர்ட்டர். மெஷினா, தொட்டியைக் குளிரவைக்கும் கருவியா, இரண்டில் ஒன்றைத்தான் ஓட்டலாம். இப்படி ஒரு நிலைமை யாருக்கும் வரக் கூடாது. நிதானமாகத்தான் யோசித்தேன். ஒரு பக்கம் தேறாது என்று டாக்டரே கைவிட்ட உடம்பு. இன்னொரு பக்கம் வளர்கிற உயிர். மெஷினின் பிளக்கை உருவினேன்.

மீன் வாங்கி வரும் பைக்குள் காற்று விட, உள்ளங்கை அளவில் ஒரு பேட்டரி பம்ப் வைத்திருக்கிறேன். அதன் குழாயை மெஷினின் தண்ணீர் பாட்டிலில் மாட்டி, பம்ப்பை மெஷினுக்குப் பின்னால் வைத்தேன். குமிழி வந்தது. வெறும் காற்று. தொட்டிக் கருவியின் இரைச்சல் இருந்ததால் மெஷின் ஓடவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

“காத்து வர்ல கீதா,” என்றார் கிழவர்.

கீதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நண்டுப் பெட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். பெட்டித் தண்ணீரில் குமிழி வந்தால் நண்டு பிழைக்கும், நின்றால் சாகும். அவர்கள் வீட்டுக் குழந்தைக்கும் இது தெரியும். இதற்கு மேல் அங்கே பெரியவர்களுக்கும் தெரியாது.

“கொமுளி வருது பாரு நைனா. வெக்கைக்கு அப்டி கீது. நல்லா இழுத்து வுடு.”

அவரும் தலையைத் திருப்பிப் பாட்டிலைப் பார்த்தார். “ஆமா, வருது,” என்றார். பிறகு மகள் சொன்னபடி இழுத்து இழுத்து விட்டார். ஒரு மணிக்கு நகமும் உதடும் நிறம் மாறத் தொடங்கின. நிறம் மாறுவதைக் கவனித்துப் பழகிய கண் என்னுடையது, அதனால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைக்கலாமா என்று கீதா கேட்டாள். தூங்குகிறார், அலைக்கழிக்காதே என்றேன். ஒன்றே முக்காலுக்கு அடங்கிவிட்டது. அவள் அழுது புரண்டுகொண்டிருந்தபோது பிளக்கை மறுபடி செருகினேன். பாட்டிலில் இருந்த பம்ப் குழாயைக் கழற்ற மறந்தேன்.

மெஷினை அணைத்தது கீதாதான். அணைத்த பிறகும் பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டே மெஷினுக்குப் பின்னால் போனாள். உங்களுக்குப் போன் செய்தது அவள் என்பதில் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்கு நியாயம் பார்க்கத் தெரியாது.

இன்வெர்ட்டரைச் சோதித்த உங்கள் ஆள், இரண்டும் சேர்ந்தே ஓடியிருக்குமே என்றாராம். ஓடியிருக்கும். அதை மாட்டியவன் நான், எனக்குத் தெரியாதா? மூன்று மணிக்குக் கரண்ட் வந்தபோது பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.