மீசை வைத்த பொம்மை

எனக்கு நல்ல குரல். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் எடுத்துச் சொல்ல வேறு ஆளில்லாமல் பல வருடம் இருந்துவிட்டேன். பொம்மலாட்டக் குழுவில், கறுப்புத் திரைக்குப் பின்னால் குனிந்து நின்று கரடியாக உறுமியே என் பாதி ஆயுள் போயிற்று. கைதட்டல் எல்லாம் கரடிக்கு. முதுகுவலி எனக்கு.

பிறகு நகராட்சியில் திருமணம் நடத்தி வைக்கும் வேலை கிடைத்தது. நீளமான அங்கி, கையில் மைக், எதிரே எழுந்து நிற்கும் கூட்டம். "சம்மதமா?" என்று நான் கேட்கிற அழகில், மணப்பெண் வாய் திறப்பதற்குள் அவள் அம்மா அழுதுவிடுவாள். ஆனால் அது என் நாற்காலி இல்லை, ஸ்டிலியானாவுடையது. அவள் பிரசவ விடுப்பில் போனதால் அவளுக்குப் பதிலாக வந்தவன் நான். அவள் திரும்பும் நாளில் நான் மூட்டை கட்ட வேண்டும். ஒப்பந்தம் அப்படி.

ஐயா, நீங்கள் தொழிலாளர் துறையிலிருந்து வந்திருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்றவளுக்கு விடுப்பு என்பது உரிமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. மூத்த பெண்ணுக்கு ஒன்றரை வயதானதும் ஸ்டிலியானா வேலைக்குத் திரும்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்த உரிமை இன்னும் கொஞ்சம் நீளட்டுமே என்று எனக்குத் தோன்றியது. பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அவளையும் புருஷன் டோப்ரியையும் வெலிங்கிராத் வெந்நீர் ஊற்றுக்கு அனுப்பி வைத்தேன். கையில் ஒரு குப்பி சிவப்பு ஒயினும் கொடுத்தேன். சீக்கிரமே கலோயான் பிறந்தான். நன்றிக்கு என்னையே அவனுக்கு ஞானத்தகப்பன் ஆக்கினார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, வேலை வளர்ந்தது.

ஞானஸ்நான விருந்தில்தான் என் தலையில் கல் விழுந்தது. டோப்ரி நகராட்சி பஸ் ஓட்டுகிறவன், கன்னம்வரை புரளும் மீசைக்காரன். ஆட்டுக்கறியை மென்றுகொண்டே சொன்னான்.

"அண்ணே, இந்தத் தடவ லீவு எனக்கு. பையனுக்கு ஆறு மாசம் ஆயிட்டா அப்பன்கூட எடுத்துக்கலாமாம்ல."

"எடுத்துக்கட்டும்ணே," என்றாள் ஸ்டிலியானா. "மூத்தவ பஸ்ஸுல ஏறுனப்ப, 'யாரு வீட்டுப் பாப்பா, டிக்கெட் எடுத்தாச்சா'ன்னு கேட்ட மனுசன் இவரு. எனக்கும் மைக்கைப் புடிக்கணும்னு கை அரிக்குது."

"கேலி பண்ணாதடி. இவனையாவது கூட இருந்து பாத்துக்கறேன்," என்றான் டோப்ரி. அவன் கண் கலங்கியிருந்தது.

சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. பெற்றவளுக்கு உரிமை, சரி. அப்பனுக்குமா?

சனிக்கிழமைகளில் கலோயான் என்னிடம்தான் இருப்பான். பழைய பொம்மை ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். குதிரைமுடியில் கன்னம்வரை மீசை ஒட்டினேன். தொட்டிலுக்கு மேல் பொம்மை மெதுவாக எழும், கரடி உறுமும். குழந்தை வீறிட்டதும் பொம்மையைக் கீழே போட்டுவிட்டு, நான் போய்த் தூக்கி ஒரு கரண்டி தயிர் ஊட்டுவேன். அடித்ததில்லை, கிள்ளியதில்லை. தயிரும் நல்ல தயிர்.

கொஞ்ச நாளில் டோப்ரி கதவைத் திறந்தாலே பையன் மூச்சுப் பிடித்து அழ ஆரம்பித்தான். பெற்ற தகப்பன் சமையலறையில் ஒளிந்து நின்று கதவிடுக்கில் பிள்ளையைப் பார்த்தான். விடுப்பு விண்ணப்பத்தை அவனே திரும்ப வாங்கிக்கொண்டான். நகராட்சி மிரட்டியதா என்று கேட்கிறீர்கள். பாவம், அவர்களுக்கு எதுவுமே தெரியாது.

ஒரு நாள் டோப்ரி, பட்டாளத்தில் இருந்தபோது வளர்த்த அந்த மீசையை மழித்துவிட்டு வந்து நின்றான். கலோயான் அவனைப் பார்த்துச் சிரித்தான். டோப்ரி தரையில் உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பினான். "நாளைக்கே மறுபடி லீவு கேக்கறேன்ணே," என்றான். என் கைக்குட்டையை எடுத்து அவனிடம் நீட்டினேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பொம்மைக்கும் மீசையை எடுத்துவிட்டேன்.

நோன்புக்கு முந்தைய ஞாயிறன்று நீங்களும் உங்கள் ஞானத்தகப்பன் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போயிருப்பீர்கள். இவர்களும் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா சுட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். கலோயான் என்னிடம் தாவினான். டோப்ரி வாசலுக்கு வெளியிலேயே கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான். ஸ்டிலியானா பையனை உள்ளறைக்குத் தூக்கிப்போன பிறகுதான் படியேறி வந்து, குனிந்து என் கையை முத்தமிட்டான்.

"எங்கிட்ட ஏதோ கெட்டது இருக்குண்ணே. அது பச்சப்புள்ளைக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. லீவும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்களுக்கு நான் ஏதாச்சும் குத்தம் பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க."

யோசித்துப் பார்த்தேன். இவனால் நான் பட்ட கவலை கொஞ்சமா? என் பிழைப்பிலேயே மண்ணைப் போடப் பார்த்தவன். இருந்தாலும் வருடத்தில் ஒரு நாள், அதுவும் வாசல் தேடி வந்து கேட்கிறான்.

பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன்.