கட்டைவிரலுக்கு அடியில் ஒரு வரி

பட்டாபிராமில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எல்லாப் பக்கத்துலயும் அப்பாவோட கட்டைவிரல் கீது."

"இன்னாடி சொல்ற?"

தோழியிடம் போனைத் திருப்பினாள். எனக்கும் தெரிந்தது. அச்சடித்த பக்கத்தின் கீழே நகம் கருத்த ஒரு விரல்.

"கரஸ்ல எம்.ஏ. பண்றேன்ல, அதுக்கு ரெண்டு நாட்டு பார்லிமென்ட்ட ஒப்பிட்டு எழுதணும். அந்த புக்க லைப்ரரிய விட்டு வெளிய தரமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு துணிக்கடைல கூட்டம், அப்பாக்கு ஃபேக்டரி லீவு. அவரே போயி போட்டோ எடுத்துகினு வந்தாரு."

"உங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பாரு. பக்கம் மூடிக்கும்னு விரலால அமுக்கிப் புடிச்சிருக்காரு. எல்லாத்துலயும் கடைசி வரி மறைஞ்சிடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பப் போறேன்மான்னாரு. அதுக்குள்ள நெஞ்சு வலி வந்து போயிட்டாரு."

அம்பத்தூரில் ரயில் நின்றபோது தோழி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த வரிங்க இல்லாம எழுத முடியாதா?"

"மேடம் விடமாட்டாங்க. அதான் லைப்ரரிக்குப் போறேன்."

"போன வாரமும் அதுக்குத்தானே போன?"

"போனேன். புக்கத் தொறந்து, அவரு விரல் வச்ச எடத்துல என் விரல வச்சேன். எடுத்தாதான் அந்த வரி தெரியும். லைப்ரரி மூடுற வரைக்கும் அப்டியே உக்காந்துகினு இருந்தேன்டி."