வேதகிரி திருத்த நினைத்த அறிக்கை

ஒன்றியத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வனத்துறை அதிகாரி அவர்களே, கணவர் வேதகிரியை இழந்து முன்வரிசையில் இருக்கும் திருமதி சிட்டம்மாள் அவர்களே, அவர் சொந்த ஊரான காவாந்தண்டலத்திலிருந்து வந்திருக்கும் பெருமக்களே!

முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதுகிறேன். இன்று ஒரு செய்தியை மறைத்தவனாக உங்கள்முன் நிற்கிறேன்.

மர ஆராய்ச்சியாளர் வேதகிரி என்ன வேலை செய்தார்? நீலகிரியில் பைன் மரங்களுக்கு வம்சம் பார்த்தார். டர்பென்டைன் வாசனை உங்களுக்குத் தெரியும். அது பைன் பிசினிலிருந்து வருவது. டெர்பீன் என்னும் பல பொருள்களின் கலவை. எந்த டெர்பீன் எவ்வளவு என்பதை மண்ணைவிட, மழையைவிடப் பரம்பரையே தீர்மானிக்கிறது. பிசினின் ஆவியைக் கருவியில் செலுத்தினால் தாளில் ஏறி இறங்கும் கோடு விழும். நெருங்கிய உறவு மரங்களுக்கு ஏறக்குறைய ஒரே கோடு.

ஒரு சரிவில் முந்நூறு மரங்களின் பிசினைச் சோதித்தார். எல்லாம் ஒரே கோடு. அடுத்த சரிவும் அதே நடவுதான். இரண்டிலும் ஒரே வம்சம், விதைக்குப் பத்து மரத்தை விட்டால் போதும், மற்றதை வெட்டலாம் என்று அறிக்கை கொடுத்தார். பாராட்டி எழுதியவன் நான். போன மாதம் முதல் சரிவை வெட்டினார்கள்.

வெட்டிய இடத்துக்குப் போனார் வேதகிரி. கட்டைகளில் பிசின் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. ஒரு கட்டையில் நாரத்தைத் தோல் வாசனை. அடுத்ததில் அது இல்லை. தன் கையாலேயே பிசின் எடுத்துச் சோதித்தார். ஐந்து விதமான கோடுகள் விழுந்தன. ஐந்து வம்சங்கள்! மரங்கள் போன பிறகு தெரிந்து என்ன பயன்?

பிசின் சேகரித்த கன்னியப்பன் அவர் ஊர்க்காரர், இங்கேதான் இருக்கிறார். தன் பெயரையும் சொல்லச் சொன்னார். வேதகிரி கேட்டபோது அவர் சொன்னது இது:

"அரை பாட்டிலு குட்த்தா நல்லாவா கீது? நம்ம ஊர்ல படி அளந்தா கூம்பாத்தானே அளப்போம். சிந்துனதெல்லாம் தகரத்துல சேத்து வச்சிக்கினு, அத்த ஊத்தி ரொப்பிட்டேண்ணா."

எல்லாப் பாட்டிலிலும் அந்தக் கலவை சேர்ந்ததால்தான் ஒரே கோடு விழுந்திருக்கிறது. வேதகிரி கோபப்படவில்லை. "ரொப்பிக்கினு வான்னு சொன்னவன் நான். கலக்காதேன்னு சொல்லாம வுட்டவனும் நான்தான்டா" என்றாராம்.

துறைக்குத் திருத்தம் எழுதினார். பதில் வரவில்லை. பத்திரிகையில் வந்தால் கேட்பார்கள் என்று அதையே கடிதமாக எழுதி என்னிடம் கொண்டுவந்தார். உங்கள் பெயரை நீங்களே ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள், பொங்கல் போகட்டும் என்றேன். என் பாராட்டுச் செய்தியும் பொய்யாகிவிடும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

"அடுத்த சரிவுல கோடாலி வைக்கப் போறாங்க சார். பொங்கல் வரிக்கும் நிறுத்தி வைப்பாங்களா?" என்று கேட்டார்.

கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன்.

சோற்றில் கையை வைத்துக்கொண்டு மர நம்பராகச் சொல்லிக்கொண்டிருப்பார் என்றார் சிட்டம்மாள். வெட்டிய நம்பர்களை மட்டும். அப்படி ஒரு மத்தியானம், நூற்றுப் பதினேழு என்றவர் அடுத்ததைச் சொல்லவில்லை. மாரடைப்பு.

அன்றிலிருந்து அந்த எண் என் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்த சரிவில் வெட்டு வரும் திங்கட்கிழமை. இன்று வெள்ளி. வேதகிரியின் கடிதம் முழுவதும், அதை அமுக்கி வைத்த என் குற்றத்தோடு, நாளைக் காலைப் பத்திரிகையில் வரும். இந்த முறை மரத்துக்கு மரம் கலக்காமல் பிசின் எடுக்க, ஞாயிற்றுக்கிழமை நானும் கன்னியப்பனும் மலையேறுகிறோம். வேதகிரிக்கு நாம் செய்ய வேண்டிய காரியம் அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

அதிகாரி அவர்களே, கடிதத்தின் பிரதியை இதோ உங்கள் கையில் தருகிறேன். இந்தச் சபைக்கு முன்னால் படித்துவிட்டு, ஒரு பதில் சொல்லுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.